புளிக்களத்தில் ஒரு கப்பல் வேலை

‘பேட்டன் டவுன் த ஹாட்சஸ்’ என்பது கடலோடிகளின் ஆங்கிலம். புயல் வருமுன் எல்லாவற்றையும் அடைத்துக் கட்டித் தயாராக இரு என்று பொருள். கப்பலின் மேல்தளத்தில் சரக்கு இறக்கப் பெரிய திறப்புகள் உண்டு. அலை உள்ளே புகாமலிருக்க அவற்றின்மேல் தார் பூசிய துணியை விரித்து, ஓரம் முழுக்க மரச்சட்டம் வைத்து இறுக்குவார்களாம். அதிலிருந்து வந்த பேச்சு. எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் உட்கார்ந்து, தபால் வழியில் ஆங்கிலம் பி.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்கு இதைத் தெரிந்துகொண்டதும் தலைகால் புரியவில்லை. கடலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் புளி வியாபாரி. முதல் வருஷத்தோடு படிப்பு போதும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்களுக்கு லீவு. களத்தில் புளி காய்கிறது. சித்தேரி மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. அள்ளிப் போட நேரமில்லை. அத்தா தார்ப்பாயை விரித்து, வழக்கம்போல மூலைக்கொரு கல் தூக்கி வைத்தார்.

“கல்லு நிக்காதுங்க அத்தா. ஓரம் பூரா ரீப்பர் கட்டைய வெச்சு முளை அடிக்கலாம். கப்பல்ல அப்படித்தான்.”

“கப்பலுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்றவர், காற்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சரி, உன் கப்பல் வேல என் புளியக் காப்பாத்திட்டா ரெண்டாம் வருசமும் படி. இல்லாட்டி மாப்ள பாக்குறப்ப வாயத் தொறக்கக் கூடாது.”

கூரை மாற்றியபோது மிஞ்சிய ரீப்பர் சட்டங்கள் சுவரோரம் கிடந்தன. இருவருமாக அடித்து இறுக்கினோம். பக்கத்து வீட்டுத் தகரம் பறந்தது. எங்கள் தார்ப்பாய் அசையவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மழை விட்டதும் தார்ப்பாயைத் தூக்கினோம். தெருத் தண்ணீரெல்லாம் களத்துக்குள் புகுந்து, தார்ப்பாய்க்கு அடியில் ஓடிப் புளியை ஊறவைத்திருந்தது. அப்படியே ரசம் வைக்கலாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புளி போனதற்கல்ல, படிப்பு போனதற்கு.

அத்தா ஈரப்புளியை ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

“ஏம்மா, கப்பலுக்கு அடியில தண்ணி பூந்துட்டா என்ன பண்ணுவாங்க?”

“தெரியலைங்க அத்தா. மொத வருசப் பாடத்துல அது இல்லைங்க.”

“அப்ப ரெண்டாம் வருசத்துல இருக்கும். படிச்சிட்டு வந்து சொல்லு” என்றார்.