சோதிக்காததைச் சொன்னவன்

கடையைத் திறந்துகொண்டிருந்தபோது வீரசோழன் ஊரிலிருந்து போன் வந்தது. பேசியது என் தொழில் கூட்டாளி சிக்கந்தரின் தம்பி. "அண்ணே, அண்ணன் மவுத்தாயிட்டாக. மதியத் தொழுகை முடிஞ்சு அடக்கம். வந்துருங்க." கல்லீரல் நோயோடு மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருந்தவன். செய்தி எதிர்பாராதது அல்ல. ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

அருப்புக்கோட்டையில் நானும் சிக்கந்தரும் சேர்ந்து மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்தது உங்களில் பலருக்குத் தெரியும். இதயத்துடிப்பைத் திரையில் காட்டும் மானிட்டர்கள்தான் அதிகம் வரும். அவற்றைச் சோதிக்க அலைவடிவ ஜெனரேட்டர் வாங்கலாம் என்று சொன்னவன் அவன்தான். வேண்டிய மின்னலையைக் கணினியில் வரைந்து கொடுத்தால், அந்தப் பெட்டி அப்படியே உண்டாக்கித் தரும். எப்போதாவது தாறுமாறாகத் துடிக்கும் ஓர் இதயத்தின் அலையை அதில் ஏற்றினான். அதுவரை எங்களுக்குப் போக்குக் காட்டிய ஒரு மானிட்டரின் கோளாறு அன்று பிடிபட்டது. "இப்படித் துடிங்கன்னு நோயாளிட்ட கேக்க முடியுமாலே? இது கேட்டப்பல்லாம் துடிக்கும்" என்றான்.

பிறகொரு நாள், திருச்சுழிப் பக்கத்துத் தனியார் மருத்துவமனையிலிருந்து வந்த மானிட்டர் எல்லா அலைகளையும் சரியாகக் காட்டியது. அட்டைப்பெட்டியில் வைக்கப் போனேன். சிக்கந்தர் தடுத்தான்.

"நாம வரைஞ்சு குடுத்தது மட்டுந்தான் அதுக்குத் தெரியும். மனுசன் வேர்ப்பான், இருமுவான், பொரளுவான். அதை யாரு வரைஞ்சா?"

சட்டையைக் கழற்றி, மானிட்டரின் கேபிளைத் தன் மார்பில் ஒட்டிக்கொண்டு பெஞ்சில் புரண்டு படுத்தான். திரையில் துடிப்பின் எண் எகிறியது. கேபிளுக்குள் ஒரு கம்பி முறிந்து, தொட்டும் தொடாமலும் கிடந்தது. அது உரசும்போது எழும் மின் இரைச்சலை மானிட்டர் துடிப்பென்று எண்ணிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரை நேராகக் கருவியில் இணைப்பது எங்கள் வழக்கம் என்பதால் கேபிள் சோதனைக்கே வரவில்லை. இதயம் நின்ற பிறகும் அந்தத் திரை துடிப்பைக் காட்டியிருக்கக்கூடும்.

கேபிளை மாற்றி இருவருமாகக் கொண்டுபோனோம். டாக்டரிடம் அவன் சொன்னான்: "சார், ஆபரேஷன்ல சதையறுக்குற கரண்ட் கத்தி ஓடுறப்ப இது எப்படிக் காட்டும்னு நாங்க பாக்கல. அது கெளப்புற அம்புட்டு வேகமான அலையை எங்க பெட்டியால குடுக்க ஏலாது."

டாக்டர் முகம் சுளித்தார். "பாக்காததை எதுக்குய்யா சொல்றீங்க? சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

"தெரிஞ்சாத்தான் சார், அந்நேரம் கையப் பிடிச்சு நாடி பாப்பீக."

அந்த மருத்துவமனை வேலை அதோடு நின்றது. "இப்படியா பேசுவ?" என்று வெளியே வந்து கேட்டேன். "வேற எப்படிலே பேச?" என்றபடி பஸ்ஸுக்கு நடந்தான்.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து, பரளச்சிப் பக்கம் ஒரு மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அவ்வளவுதானேண்ணே?" என்றார் நர்ஸ். அவனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு பழக்கம்தான். "இன்னும் இருக்கும்மா" என்று, நான் சோதிக்காததைச் சொல்லத் தொடங்கினேன்.