மோட்டாரைத் தடவிப் பார்த்த மாமனார்

போன வாரம் என் மோட்டாருக்கு மூக்கு உடைந்தது.

பதற வேண்டாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் பொன்னுசாமிக்கும் உடம்பில் காயமில்லை. மனசில்தான் பட்டது. அது எப்படி என்று சொல்கிறேன்.

என் மோட்டார் ஏற்காட்டில் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. அவருக்குப் பழசு, எனக்குப் புதுசு. தறிக்காரர் வீட்டில் பிறந்து நூல் வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவனுக்கு இதுவே ஐராவதம்.

பரமத்தி வேலூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுச் சேலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நாமக்கல் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி. நல்ல பாரம். மெதுவாகப் போயிற்று. பொன்னுசாமியும் மெதுவாகத்தான் போனான்.

திடீரென்று வண்டி நடுரோட்டில் நின்றது.

ஏன் நின்றது? மாட்டுக்கும் அவசரம் என்று ஒன்று உண்டே... மாடு பெய்வதற்கு நின்றால் வண்டிக்காரர் அதட்ட மாட்டார், கயிற்றைத் தளர்த்திக் காத்திருப்பார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அது மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதை. பின்னால் கலெக்டரே வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

மாடு நின்றது. வண்டி நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

பொன்னுசாமி பிரேக்கை மிதித்தான். ஆனாலும் வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கட்டை, ஹெட்லைட் கண்ணாடியை உடைத்து, ரேடியேட்டரில் ஒரு குத்து குத்தியது. ஒரு பக்கத்து மட்கார்டு அப்பளம்போல் மடிந்தது. பானெட்டின் மேல் ஒரு வாழைத்தார் வந்து பதவிசாக உட்கார்ந்தது.

வண்டிக்காரர் இறங்கி வந்தார். முதலில் மாட்டைப் பார்த்தார். அப்புறம் வாழைத்தாரைப் பார்த்தார். கடைசியாக எங்களைப் பார்த்தார்.

“ஏனுங்க, மாடு நின்னா வண்டி நிக்கோணும். வண்டி நின்னா நீங்க நிக்கோணும். இது தெரியாதுங்களா?”

இதற்கு எந்த வக்கீலால் பதில் சொல்ல முடியும்?

பொன்னுசாமி இறங்கிப் போய் மடிந்த மட்கார்டைக் கையால் தொட்டான். முகம் வெளுத்துவிட்டது. “நானும் மாடு ஓட்டுனவன்தானுங்க... மறந்து போச்சுங்க” என்றான். எனக்குச் சொன்னானா, மாட்டுக்குச் சொன்னானா தெரியவில்லை.

ஒரு தகரம் மடிந்ததற்கு இத்தனை துக்கமா என்று நினைத்தேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வந்த வழியில்தான் விஷயத்தைச் சொன்னான்.

அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். அப்பா அம்மா இல்லாத பையன். பரமத்தி வேலூரில் இருக்கும் அக்கா பழனியம்மாள்தான் வளர்த்தவள், பெண் பார்த்தவளும் அவள்தான். காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நல்லமுத்துக் கவுண்டரின் மகள். பெண்ணுக்குச் சம்மதம். பெண்ணின் தாய்க்கும் சம்மதம். கவுண்டருக்குத்தான் ஒரு தயக்கம்.

அந்தப் பக்கத்தில் பெண் கொடுக்கும்போது சிலர் மாப்பிள்ளையின் முகத்தைவிட அவன் வீட்டு மாட்டின் முதுகைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். முதுகில் தார்க்குச்சித் தழும்பு இருந்தால், பையன் கோபக்காரன். வாயில்லாத ஜீவனை அடிக்கிறவன் வாயுள்ள பெண்டாட்டியை விடுவானா? நியாயம்தானே?

பொன்னுசாமியிடம் மாடு ஏது? கவுண்டர் யோசித்துப் பார்த்துவிட்டுப் பழனியம்மாளிடம் சொன்னாராம்: “மாடு ஓட்டறவன் கொணத்தை மாட்டு முதுவுல பாக்கலாம். உன்ற தம்பி மோட்டார் ஓட்டறான். சரி, மோட்டாரைப் பாக்கறேன்.”

புதன்கிழமை அவரும் அவர் மச்சானும் சேலத்துக்கு வருகிறார்கள். மோட்டாரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள்.

இப்போது புரிகிறதா அந்தப் பையனின் முகம் ஏன் வெளுத்தது என்று? மடிந்த மட்கார்டு அவன் மாட்டு முதுகில் விழுந்த தழும்பு.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கிருந்தவர் வண்டியைச் சுற்றி வந்து, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். ரேடியேட்டர் சென்னப்பட்டணத்திலிருந்து வர வேண்டும், அங்கே சீமையிலிருந்து வர வேண்டும், உலகச் சண்டை வந்த பிறகு கப்பலில் சாமான் வருவதே பகவான் செயல் என்றார். அவர் கேட்ட தொகைக்கு ஒரு ஜோடி உழவு மாடு வாங்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

பொன்னுசாமி தன் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். கல்யாணம் பண்ணப் போகிறவன் பேசுகிற பேச்சா இது? வாயை மூடு என்றேன். நம் ஊரில் கையும் சுத்தியலும் உள்ளவர்கள் இல்லையா என்ன?

எங்கள் தெருக்கோடியில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அண்டா, குண்டான், தவலை எதில் ஒடுக்கு விழுந்தாலும் அவரிடம்தான் போகும். மட்கார்டைக் கழற்றிக்கொண்டு போனோம். இது மோட்டாராயிற்றே, உங்களுக்குப் பழக்கம் உண்டா என்று இழுத்தேன்.

“அண்டாவுல தண்ணி நிக்கும், இதுல நிக்காது. வேற என்ன வித்தியாசம்?” என்று சொல்லிவிட்டு மரச்சுத்தியை எடுத்தார்.

போர்டு எழுதுகிறவர் மிச்சம் வைத்திருந்த கறுப்புப் பெயிண்டைப் பூசிக் கொடுத்தார். பூசியதும் ஒரு சங்கடம். அந்தப் பக்கம் பளபளவென்று மின்ன, இந்தப் பக்கம் பழையபடி மங்கலாக... வண்டி ஒரு புறம் மாப்பிள்ளையும் மறுபுறம் மாமனாருமாக நின்றது. ஹெட்லைட்டுக்குச் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வட்டமாகக் கண்ணாடி வெட்டி வாங்கினோம். இனி எதிரே வருகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

மிச்சம் ரேடியேட்டர். உள்ளே எங்கோ ஓட்டை. ஈயம் பற்றவைக்க எட்டாத இடம். பஸ் ஓட்டுகிறவர்கள் செய்கிற வைத்தியம் ஒன்றைப் பொன்னுசாமி செய்தான். ஒரு பிடி கேழ்வரகு மாவைத் தண்ணீரோடு உள்ளே விட்டான். சூட்டில் மாவு வெந்து ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளுமாம். அடைத்துக்கொண்டது. ஒழுகல் நின்றது. வெளுத்திருந்த அவன் முகத்துக்குக் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

புதன்கிழமை விடியலில் பொன்னுசாமி குளிக்கப் போயிருந்தான். நான் வண்டியடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம். இன்றைக்குப் பார்த்தா ஒழுக வேண்டும்? என் தறிக்காரப் புத்தி விழித்துக்கொண்டது. பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பேற்றும் பரம்பரை நாங்கள். பிரி பிரியாக நிற்கும் நூலையே ஒன்றாக ஒட்டவைக்கும் கஞ்சிக்கு, ஒரு தகர ஓட்டை எம்மாத்திரம்? வீட்டில் பாவுக்காகக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியில் ஒரு செம்பு மொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். பிள்ளைக்குப் பாலூட்டுகிற மாதிரி, நிதானமாக, பாசமாக ஊற்றினேன்.

கவுண்டரும் மச்சானும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கவுண்டர் அதிகம் பேசாதவர். மச்சான் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். கவுண்டர் வந்ததும் காப்பிகூட வேண்டாமென்று நேரே வண்டியிடம் போனார். ஒரு சுற்றுச் சுற்றினார். கதவைத் தடவினார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை. புதுப் பெயிண்ட் அடித்த மட்கார்டு வந்ததும் கை நின்றது.

“இதுல அடி பட்டிருக்குது.”

பொன்னுசாமி ஓர் அடி முன்னால் வந்தான்.

“ஆமாங்க. வாழைத்தார் வண்டி மேல மோதிட்டனுங்க. மாடு நின்னுதுங்க. நான் நிக்கலீங்க.”

கவுண்டர் ‘ம்’ என்றார். அந்த ‘ம்’முக்கு அர்த்தம் தேடி நான் வியர்த்துப்போனேன். பிறகு அவரே கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஓட்டு, பார்க்கலாம் என்று அர்த்தம்.

அஸ்தம்பட்டி வழியாக ஏற்காட்டு ரோட்டில் போனோம். வண்டி ஜம்மென்று ஓடியது. கோழி குறுக்கே வந்தது, பொன்னுசாமி நின்றான். ஆடு வந்தது, நின்றான். தலையில் விறகு சுமந்து வந்த அம்மாளுக்கு ஹார்ன் அடிக்காமல் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனான். மச்சானுக்குப் பரம சந்தோஷம். நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் முன்னால் ‘புஸ்’ என்றது.

பானெட்டின் இடுக்கு வழியாக வெள்ளையாக ஏதோ நுரைத்துக்கொண்டு வந்தது. வந்ததா? பொங்கியது! மட்கார்டு, ஹெட்லைட், கண்ணாடி எல்லாவற்றின் மேலும் வழிந்தது. புளித்த கஞ்சி வாடை குப்பென்று அடித்தது.

“மச்சான், தை பொறக்கறதுக்கு முன்னாலயே மோட்டார்ல பொங்கிருச்சுங்க” என்றார் மச்சான்.

யாரும் சிரிக்கவில்லை. பொன்னுசாமி வண்டியை ஓரங்கட்டி, பெரியவர்கள் இருவரையும் கைத்தாங்கலாக இறக்கி, தூரத்துப் புளிய மரத்தடியில் நிற்கவைத்தான். பிறகு துண்டை நனைத்து மூடியைப் பிடித்துத் திறந்தான். கொதிக்கிற கஞ்சி கையில் தெறித்தது. உதறவில்லை. குனிந்து மோந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

ஒரு பார்வைதான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கஞ்சி வாசம் அவனுக்குத் தெரியாததா?

கவுண்டர் கிட்டே வந்தார். “கஞ்சியை ஆரு ஊத்துனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். “நாந்தானுங்க. புத்தி கெட்டுப்போய் ஊத்திட்டனுங்க.”

வாசகர்களே, இவ்வளவு நாளாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். அந்த நிமிஷத்தில் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு அந்தப் பெண் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தும், முதலாளி சம்பந்திகள் முன்னால் தலைகுனியக் கூடாது என்று தன் கல்யாணத்தையே எடுத்து ரோட்டில் வைத்துவிட்டான்.

“இல்லீங்க கவுண்டரே. ஊத்தினது நான். தறிக்காரப் புத்தி. அவனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது” என்றேன்.

கவுண்டர் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். சிவந்துபோயிருந்த அவன் கையைப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிணறு தெரிந்தது. தோட்டக்காரரிடம் குடமும் கயிறும் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தார்.

ரேடியேட்டரைக் கழுவ வேண்டும். கவுண்டர் இறைக்க, பொன்னுசாமி சுமந்து வந்து ஊற்ற, கஞ்சி கரைந்து கரைந்து ரோட்டில் ஓடியது. நானும் மச்சானும் வண்டியடியில் குனிந்து, இன்னும் வெள்ளை வருகிறதா என்று பார்த்துச் சொன்னோம். வரவர வெளுப்பு குறைந்தது. பொன்னுசாமி கடைசிக் குடம் வாங்கப் போக, நானும் மச்சானும் கூடப் போனபோது கவுண்டரின் குரல் என் காதில் விழுந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டே, கிணற்றுக்குள் பார்த்துச் சொல்கிறார்:

“என்ற புள்ளைக்குத் தலவலின்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டா. நீயாத்தான் கேக்கோணும்.”

பொன்னுசாமி குடத்தை வாங்கக்கூட மறந்து நின்றான்.

மச்சானுக்கு இப்படி ஜாடை பேசினால் போதாது. பெண் குடுக்கறதா இல்லையா, வாய் விட்டுச் சொல்லுங்க மச்சான் என்று பிடித்துக்கொண்டார். கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அவன் செஞ்ச தப்பையும் ஒத்துக்கிட்டான். மொதலாளி செஞ்ச தப்பையும் ஒத்துக்கிட்டான். நாளைக்கு என்ற புள்ள கொழம்புல உப்புப் போட மறந்தா, நாந்தான் வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லுவான். அப்புறம் என்னய்யா?”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். இந்தக் கல்யாணத்துக்கு ஒன்று போதுமாக இருந்தது. அதையும் நான் காப்பாற்றிக் கொடுக்கவில்லை!

தையில் முகூர்த்தம். அக்கா பழனியம்மாளுக்குச் செய்தி போய்விட்டது. அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவளை உட்காரவைத்து இணைச்சீர் என்று ஒரு மரியாதை செய்வார்கள். அதற்குக் கட்டப் புதுச்சேலை எங்கள் வீட்டுத் தறியில் ஏறியிருக்கிறது. ரேடியேட்டரில் மறுபடி கேழ்வரகு மாவுதான். ஒழுகவில்லை. நான் கிட்டே போவதில்லை.

எத்தனை மோட்டாரைப் பார்த்திருக்கிறோம்! ஒடுக்கே விழாத வண்டி என்று ஒன்றைப் பார்த்ததுண்டா? குடும்பமும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. இடிபடாமல் ஓட்டுகிறவனைத் தேடிக் கிடைக்காது. இடித்த பிறகு இறங்கி வந்து நிற்கிறவன் கிடைத்தால், விடக் கூடாது.

இத்தனையும் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். காணாமல்போன பாவுக் கஞ்சிக்காக என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுக்காதவள், கவுண்டர் சொன்னதைக் கேட்டதும் அடுப்படிக்குள் போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

அன்று ராத்திரி ரசத்தில் உப்பில்லை. நான்தான் வேண்டாமென்று சொல்லியிருப்பேன்.