ஒரு விசைக்கு மூன்று முதலாளிகள்

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மவுஸைத் தொடாமல் பாட்டு எடிட் செய்கிற என் பாடு உங்களுக்குப் புரியாது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்கள் வீட்டு மாடி அறைதான் ஸ்டுடியோ. நாற்காலி கிறீச்சிடும் என்பதால் பத்தமடைப் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்து, தாழ்வான மேசையில் கீபோர்டை வைத்துக்கொண்டு வேலை செய்வேன். திரையில் இருப்பதையெல்லாம் வாசிப்பான் என்கிற மென்பொருள் இடது காதில் படபடவென்று ஒப்பித்துக்கொண்டிருக்கும். வலது காதில் பாட்டு ஓடும். இருபது வருடப் பிழைப்பு இப்படித்தான் நடக்கிறது.

எனக்கு எல்லாமே விசைகள்தான். எடிட்டிங் மென்பொருளில் ஸ்பேஸைத் தட்டினால் பாட்டு ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். எஸ் என்றால் வெட்டு. டெலீட் என்றால் அழி. தப்பாகிவிட்டால் கன்ட்ரோல் இசட், செய்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இப்படி இருநூறு விசைகளாவது என் விரலில் இருக்கும். மனதில் தேடினால் ஒன்றுகூட வராது.

தொல்லை பிளகின்களால் வந்தது. குரலுக்கு எதிரொலி சேர்க்க, இரைச்சலைக் குறைக்க என்று எடிட்டிங் மென்பொருளுக்குள் வந்து குடியேறுகிற குட்டி மென்பொருள்களை அப்படிச் சொல்வோம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஊர்க்காரன் செய்திருப்பான். ஒருத்தன் இன்னொருத்தனைக் கலந்துகொள்வது கிடையாது. பாட்டை நிறுத்தலாம் என்று ஸ்பேஸைத் தட்டினால், திறந்து கிடக்கிற பிளகின் அதைப் பிடுங்கிக்கொண்டு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பாட்டு பாட்டுக்கு ஓடும். இதற்கு மேல் வாசிப்பான் வேறு, "அது என்னுடைய விசை" என்று குறுக்கே வந்து நிற்கும். ஒரு காலிங் பெல்லுக்கு மூன்று வீட்டுக்காரர்கள் கதவைத் திறப்பது போலத்தான். சில நாள் ஒருவருமே திறக்க மாட்டார்கள், அதுதான் இன்னும் மோசம்.

கண் தெரிந்தவர்கள் பிளகின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கிளிக் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் கத்துவேன். கீழே அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும்.

"என்னங்க, மறுபடியும் மாட்டிக்கிட்டீங்களா? வந்து ஒரு கிளிக் பண்ணிட்டுப் போகட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்."

வீம்புதான். வேறென்ன?

இப்படி இருக்கையில் பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயப் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தது. எடிட் செய்கிறவன் என்று நானும் பதிவுக்குப் போயிருந்தேன். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். குழுவில் அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் 'சார்'தான். "முதல்ல ஒரு பாட்டைப் பண்ணிக் கொண்டாரும். சரியா இருந்தா மிச்சப் பதினொண்ணும் உமக்கு. இல்லைன்னா நாகர்கோவில் ஸ்டுடியோவுக்குக் கொடுத்திருவேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று இருந்தது. என்னிடம் வேலை கொடுப்பவர்களில் பாதிப் பேர் தர்மம் செய்கிற மாதிரிதான் கொடுப்பார்கள். நன்றாகச் செய்தாலும் "பரவாயில்லையே", சொதப்பினாலும் "பரவாயில்லை". இந்த மனிதர் அப்படி இல்லை. பதிவின்போது அரைத் தாளம் பிந்திய ஒருவரை எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்ததைக் கேட்டேன். இவர் வாயால் 'சரி' என்று ஒரு சொல் வாங்கிவிட்டால் அது அசல் சரி.

ஒரு வாரம் அந்தப் பாட்டோடு மல்லுக்கட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. ஆண்களின் கீழ்க்குரலுக்கு, அதாவது பேஸுக்கு, ஒரு எதிரொலி அமைத்திருந்தேன். கோயிலுக்குள்ளேயே நின்று பாடுகிற மாதிரி அவ்வளவு அழகாக வந்திருந்தது. மற்றப் பாட்டுகளுக்கும் ஆகுமே என்று அந்த அமைப்புக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிக்க நினைத்தேன். பெயர் எழுதும் கட்டம் எழுத்தாக இல்லாமல் பிளகின் வரைந்த வெறும் படம். வாசிப்பான் அதைப் படிக்காது. கட்டத்துக்குள் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில் ஆங்கிலத்தில் பி, ஏ, எஸ், எஸ் என்று தட்டினேன். விரல் ஓரிடத்தில் வழுக்கியது போலிருந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்று டெலீட்டைத் தட்டினேன்.

நான் கட்டத்துக்குள் இல்லை. தட்டியதெல்லாம் எடிட்டிங் மென்பொருளுக்குப் போயிருக்கிறது. கடைசிச் சரணத்தின் தொடக்கத்தில் எஸ் வெட்டியது. வெட்டிய இடத்திலிருந்து முடிவு வரை பேஸை டெலீட் அழித்தது. இடது காதில் ஒரு சத்தமும் இல்லாததால் சந்தேகம் வந்து கன்ட்ரோல் இசட்டை நாலைந்து தடவை தட்டினேன். பிளகின் மகராசன் அந்த விசையை மட்டும் ஆசையாகப் பிடித்துக்கொண்டு, தன் எதிரொலியைக் கொஞ்சம் குறைத்து வைத்தான். அவ்வளவுதான் நடந்தது.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. முப்பது தடவை கேட்ட பாட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பென்டிரைவில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் காற்று மாறியது. மிச்சப் பதினொரு பாட்டும் கைக்கு வந்துவிட்ட மிதப்பில் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சி நடக்கிற ஹாலில் பாட்டைப் போட்டார்கள். முதல் சரணத்துக்கு யாரோ "அருமை" என்றார்கள். இரண்டாவதில் சார் விரலால் மேசையில் தாளம் போட்டார். மூன்றாவதான கடைசிச் சரணம் தொடங்கியது. பாட்டுக்கு அடியில் தரையே இல்லை. பெண்களின் குரல் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

பின்வரிசையிலிருந்து ஒரு பேஸ்காரர் கேட்டார்: "என்னவே இது, எங்க நாலு பேரையும் காணோம்?"

பாட்டு முடிந்தது. விசை தப்பி அழிந்திருக்கும் என்று ஒருவழியாகச் சொன்னேன். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து உச்சுக்கொட்டும் சத்தம். "பாவம், கண்ணு தெரியாத பிள்ளை, இவ்வளவு பண்ணினதே பெருசு. விடுங்க சார், இதையே வச்சுக்கிடுவோம்" என்றார் ஒரு அம்மா. எனக்கு வயது நாற்பத்திரண்டு. அந்தப் பிள்ளைக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. நாகர்கோவிலுக்குப் போகட்டும், எங்கேயும் போகட்டும், இந்தப் 'பாவம்' மட்டும் வேண்டாம்.

சார் தொண்டையைச் செருமினார்.

"என்ன வே, எல்லாம் முடிச்ச பெறவு ஒரு தடவை முழுசாக் கேட்டீரா?"

"இல்ல சார்."

"கேக்காமலா கொண்டு வந்தீரு? சத்தத்தை வச்சுப் பிழைக்கிற மனுசன், பாட்டைக் கேக்காம கொண்டாருதீரு! எழுதின பரீட்சைப் பேப்பரைத் திருப்பிப் பாக்காம நீட்டுத பயலை எல்லாம் நான் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கேன்."

"சார், அவருக்குக் கண்ணு..." என்று அந்த அம்மா இழுத்தார்.

"இதுல கண்ணுக்கு என்னம்மா சோலி? இவரு காது எங்கன போச்சுன்னு கேக்குதேன்!"

அப்புறம் சாரின் குரல் என் பக்கம் திரும்பியது. "நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கொண்டாரும். ஒழுங்காக் கொண்டாரும்" என்று முடித்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

வெட்கத்தில் காது சூடேறித்தான் வெளியே வந்தேன். ஆனால் பஸ் பாலத்துக்கு வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை என்னிடம் எல்லாரும் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தே வந்திருக்கிறார்கள். செய்த வேலைக்காக ஒருவர் இப்படி நிறுத்திவைத்து ஏசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் மனைவியைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னேன். "கடைசியில ஒரு வரிசை வெறுமனே கெடக்கே. பாத்த உடனே தெரியுதே" என்றாள். அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது எனக்குக் கேட்ட உடனே தெரிந்திருக்கும். சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அசல் பதிவு பத்திரமாக இருந்ததால் பேஸை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். பிறகு மூன்று நாள் உட்கார்ந்து, எந்த விசை யாருக்கு என்று ஒவ்வொரு பிளகினோடும் பாகப்பிரிவினை செய்தேன். எல்லாம் முடிந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சார் முழுப் பாட்டையும் கேட்டார். அப்புறம் கேட்டார்:

"ரெண்டாவது சரணத்துல யாரோ பேப்பரைத் திருப்புத சத்தம் வருதே. கேக்கலையா உமக்கு?"

"கேட்டுச்சு சார். திருப்பினது நீங்கதான்."

பின்வரிசை பேஸ்காரர்கள் நால்வரும் ஒரே சுருதியில் சிரித்தார்கள். "நான் திருப்பினா என்ன, எவன் திருப்பினா என்ன, அதை எடுக்க வேண்டாமா வே? எடுத்துட்டு, மிச்சப் பதினொண்ணையும் ஒழுங்காப் பண்ணும்" என்றார் சார்.

வீட்டுக்கு வந்ததும், சார் என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள்.

"இன்னைக்கும் ஏசினாரு" என்றேன்.

"ஏச்சு வாங்கிட்டு வந்த மூஞ்சியாங்க இது?" என்றாள் அவள்.