புதன்கிழமை வயிற்றுக்குத்து

மருந்துச்சாலையில் பதிவேடு எழுதுகிறவன் வருத்தத்தைக் காண்பதில்லை; வருத்தத்துக்கு வீட்டுக்காரர் வைத்த பெயரைத்தான் காண்கிறான். கோடு போட்ட கட்டத்துக்குள் அடுத்தவர் துன்பத்தை அடக்கி எழுதி விரல் காய்த்தவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்லப்போவது விளங்கும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட ஒரு கிராமச் சங்க மருந்துச்சாலையில் நான் கிளாக்கர். சங்கம் ஒதுக்கிய சிறு தொகையில், புதன் காலைகளில் பின்னறை பிள்ளைகளுக்கென்று திறக்கும். பயந்த பிள்ளை, பேச்சு நின்ற பிள்ளை, பள்ளிக்கூட வாசற்படலையைக் கண்டதும் நடுங்கும் பிள்ளை என்று வருவார்கள். அவர்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு டொக்குத்தர் அம்மா வருவார். அப்படி இன்னொரு அறை குடாநாட்டில் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. வாசலில் பெயரையும், என்ன வருத்தம், என்ன நோய் என்பதையும் எழுதுவது என் வேலை.

அச்சடித்த கட்டம்

பதிவேட்டில் காய்ச்சல், புண், இருமல், வயிற்றுக்குத்து என்று கட்டங்கள் அச்சடித்திருந்தன. பயத்துக்குக் கட்டம் இல்லை. முதல் புதன்கிழமை அரியாலையிலிருந்து ஒரு தாய் ஏழு வயது மகனோடு வந்தாள். தகப்பன் மீன்பிடிக்கப் போன வள்ளம் களப்புக் கடலில் கவிழ்ந்த நாளிலிருந்து பிள்ளை ஒரு சொல்லும் பேசவில்லை. நான் ஓரத்தில் அதை எழுதத் தொடங்கினேன். அவள் பேனையின் குறுக்கே கையை வைத்தாள்.

“அப்பிடி எழுதாதேங்கோ. வயித்துக்குத்து எண்டு போடுங்கோ.”

பதிவில் பொய் எழுதக்கூடாது என்றேன். அவள் கோபிக்கவில்லை, விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: “கிளாக்கர் ஐயா, உங்கடை பேனையைப் பொம்பிளை கேட்டு ஒருத்தரும் வரமாட்டினம். என்ரை மூத்தவளைக் கேட்டு வாறவை, தம்பிக்கு மூளைப் பிசகெண்டு திரும்பிப் போயிடுவினம்.”

வெறும் போத்தில்

அதற்குப் பிறகு கேட்ட எல்லோருக்கும் வயிற்றுக்குத்தே போட்டேன். அடுத்த சிக்கல் போத்திலால் வந்தது. மருந்துச்சாலைக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து போத்தில் கொண்டுவருவது வழக்கம். கலவை மருந்தை அதில் விட்டுக் கொடுப்போம். ஆனால் டொக்குத்தர் அம்மாவிடம் மருந்து இல்லை. பாய் இருந்தது, களிமண் இருந்தது, ஒரு ஓலைக் கடகம் நிறையச் சோகிச் சிப்பி இருந்தது.

கோண்டாவிலில் புகையிலைத் தோட்டம் செய்த ஒருவர் தன் மகளைக் கூட்டிவந்தார். அவள் கிணற்றடிக்குத் தனியே போகப் பயப்படுகிறவள். உள்ளே அவள் மண்ணில் கிணறு செய்து, சோகியைத் தண்ணீராக அள்ளி ஊற்றி, சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். தகப்பனுக்கு மகள் சிரித்தது பிடித்தது. போத்தில் காலியாக இருந்தது பிடிக்கவில்லை.

“ரெண்டு மைல் நடந்து வந்து வெறும் போத்திலோடை திரும்பினா, ஒழுங்கைச் சனம் முழுக்க என்னெண்டு கேக்கும். நிறமா ஏதாவது விட்டுத் தாங்கோ.”

மருந்து கலக்குகிறவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். வயிற்றுக்குத்துக்குப் பழுப்பு நிற ஓமத்தண்ணி பொருந்தும் என்று விட்டுக் கொடுத்தோம்; பிறகு வந்த போத்தில்களுக்கும் அதுவே. தகப்பன் போத்திலை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஓம், இப்ப இது ஆசுப்பத்திரி.”

பிழையான முடிச்சு

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவல் என்னை விடவில்லை. ஆட்கள் குறைந்த நேரத்தில் கதவோரம் நின்று பார்ப்பேன். அரியாலைப் பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி இருப்பான். டொக்குத்தர் அம்மா அவனை ஒன்றும் கேட்கமாட்டார். நூலை எடுத்து முடிச்சுப் போட்டு மீன்வலை முடிவார். முடிச்சு ஒவ்வொன்றும் பிழை. இழுத்தால் வழுக்கிக் கழன்றுவிடும். மறுபடி முடிவார்.

மூன்றாம் புதன் அவன் திரும்பிப் பார்த்தான். ஐந்தாம் புதன் நூலைப் பறித்துச் சரியாக முடிந்து காட்டினான். அம்மா பார்த்துவிட்டு மறுபடியும் பிழையாகவே முடிந்தார். ஏழாம் புதன் அவனுக்குப் பொறுக்கவில்லை. “உப்பிடி இல்லை,” என்றான். எட்டு மாதத்தில் அவன் பேசிய முதற் பேச்சு அது.

பிறகு நான் அம்மாவிடம், இத்தனை நாளில் நீங்கள் அந்த முடிச்சைப் பழகியிருக்கலாமே என்றேன். “பழகினனான், கிளாக்கர். பிழையா முடியத்தான் கனநாள் எடுத்தது.”

நொத்தாரிசு வாசித்தது

அந்த மாரி மழையில் தோட்டப் பாதையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத் திருத்தக் காசு வேண்டும். சங்க அங்கத்தவர்களில் ஒருவர் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு; எழுத்தில் இருப்பதை மட்டும் நம்புகிற மனிதர், கெட்டவர் அல்ல. என் பதிவேட்டை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடுவரை வாசித்தவர் அவர் ஒருவர்தான்.

“எல்லாப் புதனும் வயித்துக்குத்து. எல்லாருக்கும் ஓமத்தண்ணி. ஓமத்தண்ணிக்கு ஒரு டொக்குத்தரோ? எங்கடை வீட்டுக் குசினியிலையும் கிடக்கு,” என்றார் கூட்டத்தில். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் அறையை மூடிக் காசைப் பாதைக்கு மாற்றுவதென்று முடிவாகும்போல் இருந்தது.

வெளியில் வைத்து அவரிடம் உண்மையைச் சொன்னேன், யாருடைய பெயரும் சொல்லாமல். அவர் பொறுமையாகக் கேட்டார். “பெயரில்லாத சாட்சியம் செல்லாது, தம்பி. நான் உம்மைப் பொய்யன் எண்டு சொல்லேல்லை. நீர் எழுதினதைத்தான் வாசிச்சனான்.”

ஒன்பது தாய்மார்

அடுத்த புதன் தாய்மாரிடம் சொன்னேன்: என்னுடைய எழுத்தாலேயே அறை மூடப்போகிறது, நீங்கள் வந்து உள்ளதைச் சொன்னால் ஒழிய வேறு வழியில்லை. சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேளைக்கே போய்விட்டார்கள். காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

கூட்ட நாளில் ஒன்பது பெண்கள் பிள்ளைகளோடு வந்து மண்டபத்துக்குள் வரிசையாக நின்றார்கள். சங்கத் தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் நொத்தாரிசைப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரியாலைத் தாயைக் கேட்டார்.

“பிள்ளைக்கு என்ன வருத்தம்?”

“வயித்துக்குத்து, ஐயா.”

எனக்குத் தலை குனிந்துவிட்டது. அடுத்தவளைக் கேட்டார். வயித்துக்குத்து. அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். ஒன்பது பேரும் ஒரே சொல். ஊரே கேட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் வேறென்ன சொல்வார்கள்? நொத்தாரிசு பதிவேட்டை மூடினார். மூடிக்கொண்டே, மரியாதைக்காக, அரியாலைத் தாயிடம் இன்னொன்று கேட்டார்.

“இப்ப எப்பிடி, சுகமோ?”

“சுகம், ஐயா. இப்ப கதைக்கிறான்.”

அவர் கை பதிவேட்டின் மேல் நின்றது. அடுத்தவளைப் பார்த்தார்.

“இவள் இப்ப கிணத்தடிக்குத் தனியப் போறாள்,” என்றாள் கோண்டாவில் புகையிலைத் தோட்டக்காரரின் மனைவி.

“இவன் இப்ப பள்ளிக்கூடம் போறான்.”

“இவள் இப்ப இருட்டிலை அழுகிறேல்லை.”

ஒன்பதாவது தாயும் சொல்லி முடித்தாள். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாம் ஓமத்தண்ணி குடிச்சோ?”

“அதை ஆர் பிள்ளையளுக்குக் குடுத்தது, ஐயா? அது போத்திலோடை அப்பிடியே கிடக்கு,” என்றாள் அரியாலைத் தாய்.

அவர் தாய்மாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். “பாதைக்கு வேறை வழி பாப்பம். இந்த அறைக்குரிய காசு அப்பிடியே இருக்கட்டும். பதிவிலையும் ஒண்டும் மாத்த வேண்டாம். வயித்துக்குத்து எண்டே இருக்கட்டும்.”

அடுத்து வந்த வருடங்களிலும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை வயிற்றுக்குத்து குறைந்ததாகப் பதிவேட்டில் இல்லை. அவர்கள் பேச்சுச் சத்தத்தில் எனக்கு எழுத முடியவில்லை என்பதும் அதில் இல்லை.