இடது பெடலில் மெட்டித் தடம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் இருக்கும் என் பியானோ பட்டறைக்குப் பொன்னம்மா வந்து நான்கு வருடமாகிறது. கௌதள்ளி என்ற கிராமத்துக்காரர். மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர், முழங்கால் வலி தாங்காமல் உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடிக்கொண்டார். பழைய பியானோவைப் பிரித்ததும் வரும் பித்தளைத் திருகு, தகடு, கீல் எல்லாவற்றையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அழுக்கெடுப்பது அவர் வேலை. ஒரு திருகைக்கூடக் கேள்வி கேட்காமல் கீழே வைக்க மாட்டார்.

"இது எங்கீங்க போவும்? இது இல்லாட்டி என்னாவும்?"

பதில் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். எரிந்து விழுவேன். அவர் அசரமாட்டார்.

போன மாதம் வைஷாலி என்பவரின் பியானோ வந்தது. அம்மா இறந்ததால் மைசூர் வீட்டைக் காலி செய்து, பியானோவைத் தன் பெங்களூரு வீட்டுக்குக் கொண்டுபோகிறார். எல்லாம் புதுசுபோலப் பளபளக்க வேண்டும் என்றார். டெலிவரிக்கு முந்தின நாள் வலது பெடலைப் பாலிஷ் மோட்டாரில் பிடித்து முடித்தேன். இடது பெடலைப் பொன்னம்மா தரவில்லை. மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குங்க?"

"மிதிச்சா சத்தம் கம்மியாகும். குடுங்க."

அவர் பெடலைத் தரையில் வைத்து அதன்மேல் தன் இடது பாதத்தை வைத்தார். மெட்டி விழுந்த இடத்தில் ஏற்கெனவே மெல்லிய கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, வருடக்கணக்கில் விழுந்தவை.

"மெட்டிக்காலுங்க. யாரோ பொம்பளை, வெளிய கேக்கக்கூடாதுன்னு வாசிச்சிருக்காங்க. யாருங்க அது?"

"யாரா இருந்தா என்ன? மோட்டார்ல பிடிச்சா போயிடும்."

"போனா வராதுங்களே. பியானோக்கார அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பிடிங்க."

கோபம்தான் வந்தது. ஆனால் அது யாராக இருக்கும் என்று எனக்கும் அரித்தது. போன் செய்தேன். மாலையில் வைஷாலி வந்தார். மெட்டித் தடத்தைக் காட்டி, யாருடையது என்று கேட்டேன்.

"எனக்காக அப்பா வாங்கினது. நான் மட்டும்தான் வாசிப்பேன், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால. எனக்கு மெட்டி ஏது?"

"வீட்டுல வேற யாருங்க பொம்பளை?" என்றார் பொன்னம்மா.

"அம்மா மட்டும்தான். அவங்களுக்கு வாசிக்கவே தெரியாதே." சொல்லிவிட்டுப் பெடலைக் கையில் வாங்கினார். கீறலை விரலால் தடவினார். "அப்பாவுக்கு நைட் ஷிப்ட். பகல்ல தூங்குவாரு. நான் ஸ்கூலுக்குப் போயிடுவேன்."

வைஷாலி பெடலை என்னிடம் நீட்டினார்.

"இதைத் தேய்க்காம அப்படியே மாட்டிடுங்க சார். நான் தப்பா வாசிச்சா, அம்மா சமையலறையிலேர்ந்து 'மறுபடி வாசி'ம்பாங்க. உனக்கு என்ன தெரியும்னு ஒருநாள் கத்திட்டேன். அதுக்கப்புறம் அவங்க சொன்னதே இல்லை."