அலமாரியம்மாவின் பெட்டிகள்

மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே அறையில் உட்கார்ந்தால் மின்விசிறிக்குத்தான் பேச்சுரிமை. அந்த வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மகள் வீட்டுக்கு வந்த புதிதில், "மாப்பிள்ளை சாப்பிட்டாராடி?" என்று மாமியார் மகளிடம் கேட்பாள். மாப்பிள்ளை, "அத்தைக்கு வலி எப்படி இருக்காம்?" என்று அதே மகளிடம் கேட்பார். இருவரும் இருப்பது எதிரெதிர் நாற்காலியில். மகளுக்குக் கண்ணாடிக் கடையில் சாயங்கால வேலை. அவள் கிளம்பிவிட்டால் வீட்டில் ஈ பறந்தால்கூடக் கேட்கும்.

மாமியார் சும்மா வாய் மூடிக்கொண்டிருக்கும் ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவை ஓய்வு பெறும்வரை கட்டி மேய்த்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் உலர்த்தும் இயந்திரம் படுத்துவிட்டது. அன்று பிள்ளை பெற்ற ஒரு பெண் விரிப்பு இல்லாமல் வெறும் ரெக்சின் மெத்தையில் கிடந்தாள். அதைப் பார்த்தபோது பட்ட வெட்கம் இவளுக்கு ஆயுசுக்கும் போதும். அதற்குப் பிறகு மாடிக்கு மாடி ஓர் அலமாரி, அலமாரி நிறைய வெள்ளை விரிப்பு. இடத்தை அடைக்கிறது என்று டாக்டர்கள் முணுமுணுத்துப் பார்த்தார்கள். அலமாரி நகரவில்லை. இவளுக்குத்தான் அலமாரியம்மா என்று பெயர் விழுந்தது.

மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாயைத் திறக்க மாட்டார். கட்டிய பெண்டாட்டியே அவரை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுகிறாள். வேலை முடிந்து வந்து கை கால் கழுவினால், நேரே கம்ப்யூட்டர். அதில் ஒரு விளையாட்டு. ஆள் அரவமில்லாத ஒரு நிலத்தில் சுரங்கம் வெட்டி, இரும்பை உருக்கி, தகடாக்கி, திருகாக்கி, எல்லாவற்றையும் சாமான் சுமக்கும் பெல்ட்டில் ஓடவிட்டு, தொழிற்சாலைக்கு மேல் தொழிற்சாலையாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். எந்த இயந்திரத்துக்கு எத்தனை உலை என்று அவர் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போடுவதை, அலமாரியம்மா பேப்பர் படிக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, அந்தத் தகடு தீர்ந்துபோச்சுன்னா?"

"தீராதுங்க அத்தை. சுரங்கத்துலேருந்து வந்துகிட்டே இருக்கும்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றாள்.

அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு மவுஸை அவளிடம் கொடுத்தார். பெல்ட் போகிற வழியெல்லாம் கிளை பிரித்து, கிளைக்கு ஒரு பெட்டி வைத்து, தகடு அதற்குள் விழுவதைக் கண்ட பிறகுதான் அலமாரியம்மாவுக்கு மூச்சு வந்தது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

அதிலிருந்து சாயங்காலம் என்றால் இருவருக்கும் அதுதான் வேலை. பெட்டி நிறைந்துவிட்டால் பக்கத்திலேயே இன்னொன்று வைப்பாள். உலைக்கு நிலக்கரி போதுமா என்று தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும். லிஃப்டில் மாட்டிக்கொண்டு பயத்தில் பாட்டுப் பாடிய கிழவரைப் பற்றி அவர் சொன்னார். வாயே இல்லாத மனிதர் அப்படிச் சிரித்துக்கொண்டு சொன்னதை மகளிடம் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. செத்துப்போன கணவனைப் பற்றி அலமாரியம்மா யாரிடமும் அதிகம் பேசியதில்லை. மாப்பிள்ளையிடம், கண் திரையைப் பார்த்தபடி, பேசினாள்.

இந்தச் சந்தோஷத்தில் முழங்கால் குணமாகித் தொலைத்தது. டாக்டர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். ஆனாலும் மகள் பார்க்கும்போது மட்டும் கைத்தடியை ஊன்றி நடந்தாள். சொந்த வீடு இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? அங்கே போனால் ரேடியோவோடுதான் பேச வேண்டும். மகள் இருக்கச் சொல்வாள். பெற்ற மகள் வேறென்ன சொல்வாள்? வீடு மாப்பிள்ளையுடையதும்தானே, அவர் வாயால் ஒரு வார்த்தை வரட்டும் என்று அலமாரியம்மா காத்திருந்தாள். தானாகக் கேட்பதற்கு மட்டும் அவளுக்கு நாக்கு வராது.

டாக்டர் கைத்தடியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். அன்று சாப்பிடும்போது, "ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்னு இருக்கேன்" என்றாள். மகள், "அதுக்குள்ள என்னம்மா அவசரம்?" என்று பாய்ந்தாள். மாப்பிள்ளையின் கை தட்டில் அப்படியே நின்றது. பிறகு, "சரிங்க அத்தை" என்றார். அந்த ஒரு 'சரி' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தார். பெட்டிகளை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அலமாரியம்மா உட்கார்ந்தாள். பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே போனவள், இதுவரை போகாத ஒரு மலைக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கே இன்னொரு சுரங்கம். வரிசையாக உலைகள். அங்கிருந்து ஒரு பெல்ட் வந்து, சத்தமில்லாமல் அவளுடைய பெட்டிகள் இருக்கிற பாதையில் சேர்ந்தது.

தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவளுக்கு விளங்க எவ்வளவு நேரம் ஆகும்? வருகிற தகட்டில் பாதியை அவள் பெட்டிகள் விழுங்கியிருக்கின்றன. திருகு இயந்திரங்கள் பட்டினி கிடந்திருக்கின்றன. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இந்த மனிதர் மலைக்குப் பின்னால் இரண்டாவதாக ஒன்றைக் கட்டி ஈடுகட்டியிருக்கிறார். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. விளையாட்டில்கூட நான் பாரம்தானா என்று நினைத்தாள். அழுகை முட்டியது.

மாப்பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"என் பெட்டியெல்லாம் வேண்டாத வேலைன்னு ஏன் சொல்லல?"

அவர் துவட்டுவதை நிறுத்தினார்.

"நானே எடுத்துடறேன். நான் போன பிறகாவது ஒழுங்கா ஓடட்டும்."

சொன்னபடியே ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசிப் பெட்டி போனதும் பெல்ட் இன்னும் வேகமாக ஓடும் என்றுதான் எதிர்பார்த்தாள். ஓடவில்லை. தகடுகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. உலைகள் அணைந்தன. மலைக்குப் பின்னால் சுரங்கமும் நின்றுபோனது.

"ஐயையோ, என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"தேங்கிப்போச்சு" என்றார். துண்டு இன்னும் தலையில்தான் இருந்தது. "உங்க பெட்டியையும் சேத்துத்தான் எல்லாக் கணக்கையும் போட்டிருக்கேன் அத்தை. நீங்க எடுத்துட்டீங்கன்னா வர்றது போறதுக்கு இடம் இல்ல."

அலமாரியம்மா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர், துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு. "போகாதீங்க."

"அப்புறம் எதுக்கு அன்னிக்கு சரின்னீங்க?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியலங்க அத்தை."

ஒரு மனிதனுக்கு இவ்வளவு அசட்டுத்தனம் ஆகாது. அலமாரியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எது எது எங்கே இருந்தது என்று விரலால் காட்டினார். பெட்டிகள் திரும்ப வந்தன. தகடு நகர்ந்தது. உலைகள் பற்றிக்கொண்டன.

"மலைக்குப் பின்னால இருக்கிற சுரங்கத்துக்கும் ஒரு பெட்டி வெச்சுடலாமா?" என்று கேட்டாள்.

"அப்போ மூணாவதா ஒரு சுரங்கம் வெட்டணும். ரொம்ப நாள் ஆகும் அத்தை."

"ஆகட்டுமே. நான் எங்க போகப்போறேன்?"