சாட்சிக்கு ஒரு சாமி

எங்கள் ஒரே மகள் சீனாவில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. நான் அதைக் கலியாணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தாலி ஏறாமல் என்ன கலியாணம்? இதைச் சொன்னால் என் மனுசன் சிரிப்பார். "அவையின்ரை அரசாங்கமே ஒத்துக்கொண்டிட்டுது, நீ ஒராள்தான் மிச்சம்" என்பார். அவருக்கு எல்லாம் பகிடி.

அவள் படித்தது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் இருக்கும் விவசாய வளாகத்தில். மண்ணைப் பற்றிப் படிக்க ஒரு பட்டமா என்று அப்போதே கேட்டேன். ஒரு நாள், அங்கே தேயிலைச் செடியைப் பற்றிப் படிக்க வந்த சீனப் பெடியன் ஒருவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல பெடியன். குறை கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ முயன்று பார்த்தேன். என் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தான். என் மனுசனோடு இருந்து ஹொக்கி பார்த்து, அவர் திட்டின ஆட்களைத் தானும் சேர்ந்து திட்டினான். பிறகு அவனுக்குச் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு வருகிறோம் என்று மகளும் பின்னால் போனாள். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் மொன்றியலுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். வா என்று நேரே சொன்னால், "இவரின்ரை வேலை என்னாகிறது?" என்று கேட்பாள். அதனால்தான் கலியாணத்தைப் பிடித்துக்கொண்டேன். இங்கே கோயிலில் தாலி கட்ட வந்தால் ஒரு மாதமாவது நிற்பார்கள். நின்றால் அவள் தன் பழைய பேராசிரியரைப் போய்ப் பார்ப்பாள். பார்த்தால் ஏதாவது ஒரு வேலைக்கு வழி பிறக்கும். ஒருத்திக்குக் கிடைத்தால் மற்றவனும் தேடுவான். நான் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டே இவ்வளவையும் யோசித்து வைத்திருந்தேன். அந்த வேலைக்கு மூளை தேவையில்லை, அதனால் மூளை வேறு வேலை பார்க்கும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து கேட்டாள்.

"அம்மா, கலியாணத்தை இஞ்சையே வைப்பமோ? மாமாவுக்கு நெஞ்சிலை ஒப்பரேசன் செய்தது. பிளேன் ஏற வேண்டாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவைக்கும் ஒரே பிள்ளை. அவை இல்லாமல் எப்பிடி வைக்கிறது?"

மாமா என்று அவள் சொன்னது மாப்பிள்ளையின் தகப்பனை. வருத்தக்கார மனுசனைக் காட்டிக் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நானும் விடவில்லை.

"அங்கை கோயில் இருக்கோ? ஐயர் இருக்கோ? சாமி இல்லாத ஊரிலை ஆரைச் சாட்சி வைச்சுத் தாலி கட்டுறது பிள்ளை?" என்றேன்.

அவள் பேச்சை மாற்றி, அப்பா எங்கே என்று கேட்டாள். எனக்குள்ளே ஒரு சந்தோஷம். நான் ஒன்றும் பெரிய பக்திக்காரி இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் பாதி மனம் அன்னதானத்தில் இருக்கும். ஆனாலும் சாமியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினால் எதிர்த்துக் கதைக்க எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வராது. அது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குளிர்காலம் முழுக்கப் போய்விட்டது. பனி கரையத் தொடங்கின நேரம், "அம்மாவும் அப்பாவும் ஒருக்கா வாங்கோ, மாமா உங்களுக்கு ஒண்டு காட்ட வேணுமாம்" என்றாள். புது வீடு வாங்கியிருப்பார்கள், அதைக் காட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் மனுசன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்கிறவர். கோடை தொடங்கினால் அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதற்கு முன்னால் போவதென்று முடிவாயிற்று. எனக்கு என் திட்டம் இருந்தது. நேரில் கண்டு, கையைப் பிடித்துக் கேட்டால் மறுக்கமாட்டாள்.

விமான நிலையத்தில் அவளைக் கண்டவுடனேயே என் தைரியம் பாதி போய்விட்டது. மெலிந்து போயிருப்பாள், என்னைக் கண்டால் அழுவாள் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு போனேன். அவள் கன்னம் வைத்து, நல்ல நிறமாக, சிரித்துக்கொண்டு நின்றாள். சுற்றுப் பாதையால் கொண்டு போன டாக்சிக்காரனைச் சீன மொழியில் பிடித்து ஏசினாள். அவன் மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையாட்டினான். என் மனுசன் பெருமையாக என்னைப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஊரில் டாக்சிக்காரனோடு சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டால் அந்த ஊரை விட்டு வருவது கஷ்டம்.

அடுத்த நாள் காலை சம்பந்தியும் மனுசியும் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தார்கள். சம்பந்தி முந்தித் தேயிலைக் கடை வைத்திருந்தவர். உயரமான, ஒல்லியான மனுசன். நடக்கும்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே நடப்பார். கழுத்துவரை பொத்தான் போட்ட நல்ல கோட் ஒன்று போட்டிருந்தார். மனுசியும் பட்டுச் சட்டையில் இருந்தா. கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டு வந்திருக்கிறார்களே என்று பார்த்தால், கூட்டிக்கொண்டு போனது ஒரு நூதனசாலைக்கு.

அந்தப் பட்டினம் பழைய காலத்துத் துறைமுகமாம். உலகத்துக் கப்பலெல்லாம் அங்கேதான் வந்து நின்றதாம். அந்தப் பக்கத்து நிலத்திலும் கடலிலும் எடுத்த சாமான்களைத்தான் நூதனசாலையில் வைத்திருந்தார்கள். வாசலைத் தாண்டினால் சேற்றுக்குள் இருந்து எடுத்த பெரிய மரக்கப்பல் ஒன்றின் அடிப்பாகம். பிறகு கண்ணாடிப் பெட்டிகளில் உடைந்த பீங்கான், சாம்பிராணிக் கட்டி, மிளகு. என் மனுசன் மிளகைக் கண்டுவிட்டு, இதை இப்போது சந்தையில் என்ன விலைக்கு விற்கலாம் என்று மாப்பிள்ளையோடு ஆராய்ச்சி. சம்பந்தி ஒன்றிலும் நிற்க விடவில்லை. வாங்கோ வாங்கோ என்று கையால் காட்டிக்கொண்டு முன்னால் போனார்.

இதுதான் சமயம் என்று கப்பலுக்குப் பக்கத்தில் மகளின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பிள்ளை, உன்னோடை ஒண்டு கதைக்க வேணும்."

"பேந்து கதைப்பம் அம்மா. மாமா நிக்கிறார் பாருங்கோ."

உண்மைதான். சம்பந்தி ஒரு கதவுக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, எங்களுக்காகவே காத்துக்கொண்டிருந்தார். பெருநாளுக்கு வாங்கின உடுப்பை ஒளித்து வைத்திருக்கிற தகப்பன் மாதிரி முகம். நான் மகளின் கையை விட்டேன்.

உள்ளே போனால் வெறும் கல். வெளிச்சம் குறைவு. அரபு எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள், சிலுவை போட்ட கற்கள், அதைத் தாண்டி ஒரு மூலையில் கயிறு கட்டி மறித்த இடம். அங்கே ஒரு கல்லில் யானை நின்றது. தும்பிக்கையில் பூ. யானைக்கு முன்னால் சிவலிங்கம்.

என்ன நடந்தது என்று எனக்கே ஒழுங்காகத் தெரியாது. அடுத்து நினைவிருப்பது என் உள்ளங்காலில் ஏறின தரையின் குளிர்தான். சப்பாத்து இரண்டும் பக்கத்தில் கிடந்தன. கை தலைக்கு மேலே போயிருந்தது. வாய் தன்பாட்டில் சிவ சிவா என்றது. ஊர்க்கோயில், மொன்றியல் கோயில் என்று இத்தனை வருடம் பழகின உடம்பு, என்னைக் கேட்காமலே கும்பிட்டுவிட்டது. கண்ணைத் திறந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் மனுசன் பக்கத்துக் கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறதென்று வந்த காரியத்தையே மறந்து அதை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

சம்பந்தியின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அவர் மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருடைய கண்ணும் என் கும்பிட்ட கையில்தான் இருந்தது. சோதனை எழுதின பிள்ளை வாத்தியாரின் முகத்தைப் பார்க்குமே, அப்படி. பிறகு அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இவர்தானோ உங்கடை கடவுள் எண்டு கேக்கிறார், அம்மா."

நான் அவளைப் பார்த்தேன்.

"நீங்கள் அண்டைக்குச் சாமி இல்லாத ஊர் எண்டு சொன்னனீங்கள்தானே. நான் என்ரை மனுசனுக்குச் சொன்னன், அவர் மாமாவுக்குச் சொல்லிப்போட்டார். அது நியாயமான கவலை எண்டு மாமா சொன்னவர். கடவுள் பாக்காமல் பொம்பிளைப் பிள்ளையை எப்பிடிக் குடுப்பினம் எண்டு. பேந்து ஒவ்வொரு இடமாப் போய் விசாரிச்சவர். பஸ்ஸிலைதான். இஞ்சை இருக்கெண்டு இந்த நூதனசாலை ஆக்கள் சொன்னாப்போலை, நேரை வந்து பாத்து, படம் எடுத்து, எனக்குக் காட்டி, இவரோ எண்டு கேட்டவர். நான் அம்மாதான் சொல்ல வேணுமெண்டு சொன்னன்."

நான் சாட்டுக்குச் சொன்ன ஒரு சொல்லை, ஒப்பரேசன் செய்த நெஞ்சோடு ஒரு மனுசன் ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவர் மேல் கோபப்பட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சொல்வதற்கு எனக்கு ஆயிரம் இருந்தது. இது பூசை இல்லாத கல். கயிறு கட்டி வைத்த கல். கோயில் வேறு, நூதனசாலை வேறு. ஒவ்வொன்றும் தொண்டைவரை வந்தது. ஆனால் நான் வெறுங்காலோடு நிற்கிறேன். கும்பிட்ட கையை இன்னும் கீழே விடவில்லை. முன்னால் சிவன் இருக்கிறார். அவர் முகத்துக்கு நேரே, இவர் இல்லை என்று எப்படிச் சொல்வது? என் மகளை என்னோடு வைத்திருக்க வேண்டுமானால் சிவனை மறுக்க வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை.

"ஓம்" என்றேன். "இவர்தான்."

மகள் அதைச் சீனத்தில் சொன்னாள். சம்பந்தி நெஞ்சில் இருந்த கையை எடுத்து, நான் செய்த மாதிரியே இரண்டு கையையும் சேர்த்துக் கல்லைப் பார்த்துத் தலை குனிந்தார். சம்பந்தி மனுசி வந்து என் தோளைத் தடவினா. மாப்பிள்ளை உடனே கணக்குப் போடத் தொடங்கிவிட்டான். உள்ளே நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள். பூ வைக்கிறதென்றால் கயிற்றுக்கு வெளியே வைக்கலாம், கேட்டாயிற்று. காலையில் எல்லோருமாக வந்து கும்பிட்டுவிட்டு, வீட்டு முற்றத்தில் தாலி கட்டலாம். என் மனுசன் எழுத்தை விட்டுவிட்டு வந்து, "நல்ல யோசினைதானே" என்றார். இந்த மனுசனை என்ன செய்வது? எனக்காக ஒரு சொல் சொல்ல அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. சொல்ல வேண்டிய சாமியே அந்தப் பக்கம் போய்விட்டது.

கடைசியாக ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கல்லுக்குக் கீழே சீனத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதியிருந்தார்கள். என் கண்ணாடி பைக்குள் கிடந்தது.

"ஆர் பிள்ளை இதைக் கட்டினது?"

"எங்கடை பக்கத்து ஆக்கள்தான் அம்மா. கப்பலிலை வந்த வியாபாரியள். கோயில் உடைஞ்சு போச்சு. கல்லுகள்தான் மிச்சம். சிலதைப் பேந்து சனம் வீட்டு மதிலுக்கும் வைச்சுக் கட்டியிருக்கினம்."

"கட்டினவை பேந்து எப்ப ஊருக்குத் திரும்பிப் போனவை?"

அவள் விளக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது பார்க்கிற பார்வை இல்லை இது. இது ஒரு பெரிய மனுசியின் பார்வை. அவள் என்மேல் இரக்கப்படுகிறாள் என்று எனக்கு விளங்கியது.

"எல்லாரும் போகேல்லை அம்மா" என்றாள் மெதுவாக. "கனபேர் இஞ்சையே கலியாணம் கட்டி இருந்திட்டினம்."

நான் திரும்பி யானையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இத்தனை பேருக்கு முன்னால், வெறுங்காலோடு, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதேன்.

சம்பந்தி பதறிப் போனார். ஆனால் கிட்ட வரவில்லை. ஒரு கணம் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கு விளங்கிவிட்டது போல முகம் இளகியது. தன் கடவுளை இவ்வளவு தூரத்தில் கண்டுவிட்டு ஒருத்தி அழுகிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். உதட்டில் விரலை வைத்து, எல்லோரையும் சத்தம் போடாமல் வெளியே வரச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அனுப்பினார். என் மனுசனை அனுப்பினார். நான் சாமியோடு ஆறுதலாக இருக்கட்டும் என்று, கடைசியாக என் மகளையும் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.